குளமும் சுரூபமும் உட்கார்ந்த சாமியும்

பாரிசின் லா சப்பலில் தமிழ்க்கடைகள் நாலைந்தே இருந்த காலத்தில் அங்கே பிள்ளைகளாகத் திரிந்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன். உங்களுக்கெல்லாம் இப்போது மாடிப்படி ஏறினால் முழங்கால் சத்தம் போடும். எனக்கும் போடுகிறது. போன கிழமை என் மகள், "அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருக்கேக்க விடுமுறைக்கு எங்கே போனாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் பதில் தேடினேன். நாங்கள் எங்கே போனோம்? மெட்ரோ பாலத்துக்குக் கீழே போனோம். வடக்கு ரயில் நிலையத்துக்குப் போய், போகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்தோம். பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ரயிலேறிப் போய், விமானங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகையில் கேக் தின்றோம். எங்கள் விடுமுறைகள் அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கோடையில் நான் உண்மையாகவே ஓரிடத்துக்குப் போனேன். காரில் போனேன். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பல வருடங்களுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பு வந்துவிடும், அல்லது சண்டை வந்துவிடும்.

அப்போது நாங்கள் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டிடத்தில் நாலாவது மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினார். இரவு வந்ததும் உப்புப் போட்ட சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். அவருக்குக் 'கார்த்', அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, இன்னும் வரவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை முத்திரை குத்தித் தரும் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பொலிஸ்காரரைத் தூரத்தில் கண்டால் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அது அவருடைய ஒரு பழக்கம்.

மூன்றாவது மாடியில் பாண்டி மாமாவும் பாண்டி மாமியும். பாண்டிச்சேரிக்காரர்கள், கத்தோலிக்கர்கள், பிறந்த நாளிலிருந்தே பிரெஞ்சுக் குடிமக்கள். மாமா தபால் திணைக்களத்தில் கடிதம் பிரித்துப் பிரித்தே வயதாகி, அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். குட்டையான, பருத்த மனிதர். கண்கள் மட்டும் சின்னஞ்சிறியவை. சிரித்தால் இரண்டு கோடாகிவிடும். "காயிதத்துல அட்ரஸ் படிச்சுப் படிச்சு சுருங்கிப்போன கண்ணும்மா அது" என்று மாமி விளக்கம் வைத்திருந்தார். நானும் நம்பினேன். படிப்பைக் குறைத்துக்கொள்ள எனக்கு அது நல்ல காரணமாகவும் இருந்தது.

மாமியின் வீட்டிலிருந்து வடகம் தாளிக்கிற மணம் படிகளில் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டு மிளகாய் வறுக்கிற நெடி படிகளில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போகும். இரண்டாவது மாடியில் இருந்த பிரெஞ்சுக் கிழவிக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கும். அவர் வருடம் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தார்.

மாமி இல்லாமல் மாமா பேக்கரிக்குப் பாண் வாங்கக்கூடப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. அவர் சன்னலைத் திறந்தால் "எங்க போறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மாமா அந்தக் கோடையில் செய்ததை இதைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலை அவர் மேலே வந்தார். அப்பாவின் கால்கள் சட்டிக்குள் இருந்தன.

"தம்பி, திங்கக்கெழம உங்களுக்கு லீவுதானே? கார்ல ஒரு எடத்துக்குப் போவலாம். பெரிய கொளம் ஒண்ணு இருக்கு. அதுல கெண்டை மீனு இவ்ளோ நீளம்." முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினார்.

அப்பா யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கத்து ஆள். கடலைப் பிரிந்து வந்தவர். கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "தூண்டில் போட விடுவாங்களோ அண்ணை?"

"கொளத்துல மீனு இருக்கு. அதத்தான் நான் சொல்றேன்" என்றார் மாமா.

அடுத்த நாள் அம்மாவைப் படியில் பிடித்தார். "மதாம், நீங்க சாமி கும்புடறவங்க. அங்க ரொம்பப் பழைய கோயில் ஒண்ணு இருக்கு. சாமி முழுக்க முழுக்க மரம். அவ்ளோ பெரிய சாமிய நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"என்ன சாமி, அண்ணை?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "உக்காந்திருக்கிற சாமி."

"கண் மூடிக்கொண்டோ?"

"பாதி மூடினாப்புல."

அம்மா வீட்டுக்குள் வந்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தட்சிணாமூர்த்தியடி பிள்ளை. பிரான்சில தட்சிணாமூர்த்தி!" அப்பாவுக்குக் கார்த் கிடைக்க வேண்டுமென்று அம்மா நேர்த்தி வைத்திருந்தார். எந்தச் சாமிக்கு என்று முடிவு செய்யாமல் வைத்த நேர்த்தி அது. இப்போது ஆள் கிடைத்துவிட்டது.

மாமியிடம் மாமா, "ஊருக்கு வெளிய ஒரு பழைய கோயில் இருக்கு, பெரிய மர சுரூபம்" என்று சொல்லியிருக்கிறார். கத்தோலிக்கருக்குச் சுரூபம் என்றால் மாதா சிலை, வேறென்ன? மாமி திங்கள் காலையிலிருந்து மாதாவுக்கு ஒருசந்தி விரதம் இருந்தார்.

என்னிடம் மட்டும், "ஒரு பெரிய பொம்மை பாப்பா, அதோட காதே உன்னவிடப் பெருசு" என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகு யோசிக்கும்போதும் அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே இடத்தை நாலு துண்டாக வெட்டி, ஆளுக்குப் பிடித்த துண்டை ஆளுக்குக் கொடுத்திருக்கிறார் மனிதர். வாழ்நாள் முழுக்கக் கடிதங்களை உரிய பெட்டியில் போட்ட கை அல்லவா?

நாங்களும் ஒருவரோடொருவர் பேசி ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அம்மா, "கோயிலுக்கெல்லோ போறம்" என்றபோது அப்பா, "குளமெண்டா கரையில கோயில் இருக்கும்தானே" என்று தூண்டிலுக்கு நைலான் கட்டிக்கொண்டே சொன்னார். அவருக்குத் தெரிந்த எல்லாக் குளத்தின் கரையிலும் ஒரு கோயில் இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பா புத்தர் இருக்கும் இடத்துக்குக் கால் வைக்கமாட்டார். சீனக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் சிரிக்கும் புத்தர் இருந்தால்கூட, "நீர் போய் வாங்கிக்கொண்டு வாரும்" என்று அம்மாவை அனுப்பிவிட்டு வெளியே நிற்பார். அவருடைய அண்ணன் இலங்கையின் தெற்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடையும் போய் ஆளும் போய்விட்டார். அந்தக் கடைக்கு நேரெதிரே ஒரு புத்த விகாரை. "எல்லாத்தையும் பாத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்" என்று அப்பா சொல்லுவார். யாரைச் சொல்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மாமாவின் கார் நீண்ட, பச்சை நிறப் பெஜோ. பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மடிக்கிற சீட் ஒன்று உண்டு. அதில்தான் என்னைப் போட்டார்கள். என்னோடு அம்மாவின் அர்ச்சனைக் கூடை, மாமியின் மெழுகுதிரிப் பெட்டி, அப்பாவின் தூண்டில், மீன் போட ஒரு பிளாஸ்டிக் வாளி. வெயிலில் காய்ந்த சீட்டின் ரெக்சின் தொடையில் ஒட்டி, எழும்பும்போது பிளாஸ்டர் உரிப்பதுபோல் உரியும். வாளிக்குள்ளிருந்து மண்புழு மணத்தது. அப்பா தெருமுனைப் பூங்காவில் கிண்டி எடுத்தவை.

முன்சீட்டில் மாமி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சுரூபம் ரொம்பப் பெருசாமே, தங்கச்சி" என்றார் பின்னால் திரும்பி.

"ஓம் அக்கா. முழுக்க மரமாம்" என்றார் அம்மா.

"நாம கேட்டதக் குடுப்பாங்க."

"ஓமோம். குருவெல்லோ!"

மாமி ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் மாதாவுக்கும் நேர்த்தி வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்களுடைய பேச்சு வழக்கு அப்படி என்று விட்டுவிட்டார். மாமா கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் பார்த்தார். அவருடைய பிடரியில் வியர்வை ஓடியதை நான் பார்த்தேன். வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

பாரிசைத் தாண்டிக் கிழக்கே போய், ஒரு காட்டுக்குள் திரும்பி, மரங்களுக்கிடையில் கார் நின்றது. அப்பா இறங்கியதும் குளத்தைக் கண்டார். வேறொன்றையும் காணவில்லை. தூண்டிலையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரிப் புதர்களுக்குள் மறைந்துவிட்டார்.

நாங்கள் மற்றப் பக்கம் நடந்தோம். மரங்கள் விலகியதும் சிவப்புக் கட்டிடம் ஒன்று தெரிந்தது. முழுக்க மரம். கூரையின் மூலைகள் மீசை முறுக்கினதுபோல் மேலே வளைந்திருந்தன.

"இது இன்னாங்க?" என்று மாமி நின்றார். "சீனாக்காரன் ஓட்டல் மாதிரி இருக்கு!"

"பழைய காலத்துக் கட்டடம்" என்றார் மாமா. அது வியட்நாமில் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற கோயிலாம். பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சாமியோடு கழற்றிக் கப்பலில் ஏற்றி, ஏதோ கண்காட்சிக்காக இங்கே கொண்டுவந்து பூட்டினார்களாம். பிறகு திருப்பிக் கொண்டுபோக மறந்துவிட்டார்களாம். அவர் இதை எங்களிடம் சொல்லாமல், குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்திடம் சொன்னதுபோல் இருந்தது.

வாசற்படிக்கு வந்ததும் அம்மா கூடையை இறக்கி, தேங்காயை எடுத்து, கருங்கல் படியில் ஓங்கி அடித்தார். படியில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி துள்ளி எழுந்தது. தேங்காய் சரிபாதியாக உடைந்திருந்தது. "நல்ல சகுனம்" என்றார் அம்மா அவர்களிடம், தமிழில்.

உள்ளே இருட்டு. ஈரம் காயாத பழைய அலுமாரியைத் திறந்ததுபோல் ஒரு வாசம், அதன் மேலே சாம்பிராணி. கண் பழக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது. படுத்திருக்கும் மாடு அளவு முழங்கால். அப்புறம் மடியில் கிடந்த கைகள். அப்புறம் நான் தலையை நிமிர்த்திக்கொண்டே போனேன். கழுத்து வலித்தது, முகம் இன்னும் வரவில்லை. அது உத்தரங்களுக்கிடையில், மேலே எங்கோ இருந்தது. பொன் பூச்சு உதிர்ந்து, கன்னத்தில் மரம் நீளவாக்கில் வெடித்திருந்தது. காதைப் பார்த்தேன். மாமா சொன்னது சரிதான். நான் அதற்குள் படுக்கலாம்.

மாமி பழக்க தோஷத்தில் சிலுவை போடத் தொடங்கியிருந்தார். நெற்றி, நெஞ்சு, இடது தோள். அங்கேயே கை நின்றுவிட்டது.

"ஏங்க. இது மாதா இல்லீங்களே?"

"மாதான்னு நான் சொல்லலியே. சுரூபம்னுதானே சொன்னேன்."

"புத்தருங்க இது!"

"ஆமா" என்றார் மாமா, முதல்முறை அதைக் கேள்விப்படுகிறவர் மாதிரி.

மாமிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொள்வார். அந்த மூச்சு வெளியே வருவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. அம்மாவுக்கு இந்த உரையாடல் எதுவும் காதில் ஏறவில்லை. "கண்ணைப் பார், விரலைப் பார், தட்சிணாமூர்த்தியேதான். ஊருக்கு ஊர் உடுப்பு மாறும்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றுத் தடுப்பைத் தூக்கி உள்ளே போய்விட்டார். சாமியின் காலடியில், மரப்பீடத்தின் மேலே பித்தளைத் தட்டை வைத்தார். அதில் ஒரு குவியல் கற்பூரம். கார்த்துக்கு வைத்த நேர்த்தி, குறைக்க முடியாது. கொளுத்தினார்.

நூற்றாண்டுகள் காய்ந்த மரம். அதற்குக் கீழே ஒரு முழ உயரத்துக்குத் தீ.

எங்கிருந்தோ ஒரு பிரெஞ்சுக் காவலாளி ஓடிவந்தான். கையில் சிவப்பு உருளை. அம்மா கண்ணை மூடி, "கார்த், கார்த்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவன் அமுக்கினான். வெள்ளை நுரை பாய்ந்தது. தட்டு போயிற்று, தீ போயிற்று, அம்மாவின் சேலை முழங்கால்வரை போயிற்று. சாமியின் வலது கால் பெருவிரல், ஒரு பெரிய பூசணிக்காய் அளவு இருக்கும், சவரத்துக்கு உட்கார்ந்ததுபோல் நுரையோடு நின்றது.

அம்மா கத்திய கத்தல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

காவலாளியும் கத்தினான். அவன் பேச்சில் அம்மாவுக்குப் புரிந்தது 'பொலிஸ்' என்ற ஒரு சொல் மட்டும். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "பிள்ளை, சொல்லு, பொலிஸ் வேண்டாமெண்டு சொல்லு. அப்பாவின்ர பேப்பர்..." நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு அத்தனையும் எங்கோ ஓடிவிட்டது. அவன் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தான்.

அப்போது பக்கக் கதவால் மொட்டைத் தலையும் மண்ணிற அங்கியுமாக ஒரு வயதான பிக்குணி வந்தார். நுரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

பாண்டி மாமா முன்னால் போனார். கைகளை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, பேசத் தொடங்கினார். அது தமிழில்லை. பிரெஞ்சுமில்லை. மேலே ஏறிக் கீழே இறங்கி, பாட்டுப்போல் ஒரு மொழி. அவருடைய குரலே மாறிப்போனது, மெல்லிசாக, கீச்சென்று. எங்களைக் காட்டினார், சாமியைக் காட்டினார், கண்ணைத் துடைத்தார், மறுபடி பேசினார்.

பிக்குணி கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தின் இறுக்கம் போய் முதலில் திகைப்பு வந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். காவலாளியிடம் கையை ஆட்டி, போனை வை என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே வைத்தான்.

"இந்தத் தாத்தா," என்று அவர் உடைந்த பிரெஞ்சில் எங்களிடம் சொன்னார், "ஆறு ஏழு வயதுப் பிள்ளை மாதிரிப் பேசுகிறார். 'அம்மா அம்மா, இனிமேல் செய்யமாட்டோம், அடிக்காதே' என்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. மாமி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அம்மாவின் கத்தலைக் கேட்டு ஓடிவந்திருக்கிறார். சப்பாத்துக் காலோடு, ஒரு கையில் தூண்டில். தூண்டிலின் நுனியில் முழங்கை நீளக் கெண்டை ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. "என்ன நடந்தது? ஆர் அடிச்சது?" என்று கேட்டவர், எல்லாருடைய பார்வையும் மீன்மேல் இருப்பதைக் கண்டார். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்திக்கொண்டே போனார்.

அப்பாவின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்தது. ஆனால் பிக்குணி முந்திக்கொண்டார். மீனைக் காட்டி மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா தமிழில் சொன்னார்: "தம்பி, இந்தக் கொளத்து மீனுங்க எல்லாம் நேர்ந்து விட்டதாம். செத்துப்போனவங்க பேர்ல விடுவாங்களாம். அம்மா பேர்ல, அப்பா பேர்ல. கூடப் பொறந்தவங்க பேர்லயும்."

அப்பா மீனைப் பார்த்தார். திரும்பி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். குளக்கரையில் முழந்தாளிட்டு, கொக்கியை மீனின் வாயிலிருந்து எவ்வளவோ பக்குவமாகக் கழற்றினார். எனக்கு முள் குத்தினால்கூட அவ்வளவு பக்குவமாக எடுத்ததில்லை. தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "போ. போ அப்பு, போ" என்றார். அது சரிந்தபடியே கிடந்தது. அப்பா அதன் வாயைத் தண்ணீருக்குள் முன்னும் பின்னுமாக ஆட்டினார். பிறகு செவுள் திறந்தது, வால் ஒருதரம் அடித்தது, அவருடைய முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது. மீன் போய்விட்டது.

அப்பா முகத்தைத் துடைக்காமல் எழுந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தானாகவே உள்ளே வந்தார்.

உள்ளே மாமா, கயிற்றைத் தாண்டிப் பீடத்தருகே போய், கைக்குட்டையால் சாமியின் பெருவிரலிலிருந்து நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாரு கத்துக்குடுத்தது அந்தப் பாஷைய?" என்றார் மாமி.

"எங்க அம்மா."

"போட்டோவுல மூக்குத்தி போட்டுக்கிட்டு இருக்காங்களே, அவங்களா? அவங்க கடலூரத் தாண்டினதில்லியே."

"அவங்க எங்கப்பா சம்சாரம்." மாமா விரலைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "அப்பாவுக்கு சைகோன்ல உத்தியோகம். நான் அங்கதான் பொறந்தேன். எங்கம்மா அந்த ஊருக்காரங்க. ஏழு வயசுல அப்பா என்னக் கப்பல்ல பாண்டிக்கு இட்டாந்தாரு. இனிமே இவங்கதான் அம்மா, அந்தப் பாஷை வாய்ல வரக்கூடாதுன்னாரு. வரல. அங்க எங்க வூட்டுப் பக்கத்துல இப்படி ஒரு மரச் சாமி இருந்துச்சு. அம்மா என்னத் தூக்கிப் புடிச்சு கால் வெரலத் தொட வெப்பாங்க. அதாங்க. வேற ஒண்ணுமில்ல. ஒரு தபா தொட்டுப் பாக்கலாம்னு."

அந்தச் சின்னக் கண்களுக்கும் கடித முகவரிகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குக்கூட அப்போது விளங்கிவிட்டது.

மாமி அத்தனை நேரம் உள்ளே வைத்திருந்த மூச்சை விட்டார். நாங்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனோம்.

"அப்போ," என்றார் மாமி, "உங்களப் பெக்கவே பெக்காத பொம்பளைக்கா நான் அஞ்சு வருஷம் கால் அமுக்கினேன்? என் சமையல்ல உப்பில்ல, என் கோலத்துல புள்ளி சரியில்லன்னு என்னப் படுத்தின கெழவி, உங்க அம்மாவே இல்லியா?"

"இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் திருப்பிப் பேசியிருப்பேனே!"

இது கோபமா, துக்கமா, வேறேதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாமி அழுதார். அழுதுகொண்டே தன் கைப்பையிலிருந்து இன்னொரு கைக்குட்டையை எடுத்து மாமாவிடம் நீட்டினார். "அது நனைஞ்சுபோச்சு. இதால தொடைங்க."

பிக்குணிக்கு மொழி தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மஞ்சள் காகிதமும் தூரிகையும் கொண்டுவந்து, இறந்த தாய்க்காகச் சாமியின் காலடியில் வைக்கலாம், பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரு தெரியாது" என்றார் மாமா. "அம்மான்னுதான் கூப்புடுவேன்."

தூரிகை காகிதத்துக்கு மேலே நின்றது. மாமி முன்னால் வந்து, தபால் திணைக்களத்துக்காரர் மனைவிக்குரிய நேர்த்தியான பிரெஞ்சில், "என் மாமியார் என்று எழுதுங்கள், சகோதரி. அது போதும். அங்கே தேடுகிறவர்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு கொண்டுவந்த மெழுகுதிரிகளைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார், பெட்டியை மூடிவிட்டார்.

அப்பா இவ்வளவையும் பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். எல்லாரும் அமைதியான பிறகு மாமாவின் பக்கத்தில் போய், மேலே அந்தப் பிளவுபட்ட கன்னத்தை நீண்ட நேரம் பார்த்தார். அண்ணனைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அண்ணை," என்றார் அப்பா, "இது ஒத்தை மரமோ, பொருத்தினதோ?"

மாமா பிக்குணியிடம் கேட்டார். பிள்ளை மொழியில்தான். ஒரே மரமாம்.

"எவ்வளவு பெரிய மரம்" என்றார் அப்பா.

அம்மாவின் பித்தளைத் தட்டைக் காவலாளி திருப்பித் தரவில்லை. சாட்சியாம். அது இன்னும் அங்கேதான் எங்கோ ஒரு அலுமாரிக்குள் இருக்கும். அப்பாவுக்குக் கார்த் அடுத்த மாரிக் காலத்தில் வந்தது. தட்சிணாமூர்த்தி தந்தது என்று அம்மா கடைசிவரை சாதித்தார். நான் மறுத்துப் பேசவில்லை. நீங்களும் பேசாதீர்கள்.

திரும்பி வரும்போது காரில் அம்மாவின் சேலையில் நுரை காய்ந்து மாவுபோல் உதிர்ந்தது. மாமி ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தார், உருட்டவில்லை. எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஸ்டாலின்கிராட் சந்தியை நெருங்கியபோது, மேலே மெட்ரோ ஒன்று இரைந்து போய் முடிந்ததும், மாமி சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பாஷைல எதாச்சும் சொல்லுங்க. கேக்கலாம்."

"இன்னா சொல்றது?"

"உங்க அம்மாகிட்ட இன்னா பேசுவீங்களோ, அது."

மாமா கொஞ்ச தூரம் ஓட்டினார். "கோன் டோய் பும், மா" என்றார்.

மாமி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது ஏதோ கிருமிநாசினியின் பெயர்போல் வந்தது. மாமா, "இல்ல, டோய்ய்ய்" என்று திருத்தினார். மாமி மறுபடி சொன்னார். இன்னும் மோசம். மாமா சிரித்தார். கண்கள் கோடாகி, தோள் குலுங்கி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். மாமி ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்ப, கார் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஏறி நின்றது. அதற்குள் மாமாவின் சிரிப்பு வேறொன்றாகிவிட்டிருந்தது. மாமி அவர் முதுகைத் தடவிக்கொண்டு, அந்தச் சொற்களைத் தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்சீட்டில் அப்பா அம்மாவின் பக்கம் சாய்ந்தார். "ஏன் இந்த மனுசன் இப்பிடி அழுறார்? என்னவாம்?"

எப்படி விளங்கிக்கொண்டாரோ தெரியாது, அம்மா உடனே சொன்னார்.

"பசிக்குதாம்."

மாமா சொன்ன அந்தச் சொற்களுக்கும் அதுதான் அர்த்தம் என்று நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. அப்பா கதவைத் திறந்து இறங்கி, எங்களுக்கெல்லாம் சாப்பாடு வாங்கக் கடைகளிருந்த பக்கமாக நடந்தார்.